நட்டகல்லும் பேசுமோ: ஒரே ஓர் அடியை 16 குரலில் பாடுவது எப்படி

பெரம்பூரிலும் ராயபுரத்திலும் சர்ச் கொயரில் பாடிப் பழகிய குரல்கள் தெருவுக்கு நாலு தேறும். வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் போனால் கானா பாடுகிறவர்கள், பஜனைக் கோஷ்டியில் பின்பாட்டு பாடியவர்கள், சாமியே கும்பிடாதவர்கள் என எல்லாரும் இருக்கிறார்கள். இவர்களை ஒரே வரிசையில் நிறுத்தினால் முதல் தகராறு வருவது சுருதியில் இல்லை, வரிகளில்தான். கர்த்தர் பெயர் வந்தால் ஒருவர் வாயை மூடிக்கொள்வார், முருகன் பெயர் வந்தால் இன்னொருவர். எல்லாப் பெயரையும் போட்டு நல்லிணக்கப் பாட்டு கட்டினாலோ பள்ளி ஆண்டுவிழா வாடை அடிக்கும்.

பெயரில் தொங்காமல் கேள்வியில் நிற்கிற வரியை எடுங்கள். ஏழுகிணறு வீராசாமி தெருவில் வளர்ந்த வள்ளலாரின் ‘வாடிய பயிரைக் கண்டபோதெல்லாம் வாடினேன்’ இருக்கிறது. திருவொற்றியூரில் அடங்கிய பட்டினத்தாரின் ‘காதற்ற ஊசியும் வாராது காண் கடைவழிக்கே’ இருக்கிறது. முதல் முயற்சிக்குச் சிவவாக்கியரின் ஓர் அடியே போதும்:

நட்டகல்லும் பேசுமோ நாதன் உள்ளிருக்கையில்

நாதன் யார் என்று ஒத்திகையில் விளக்கம் சொல்லவே கூடாது. ஒருவருக்குக் கடவுள், பக்கத்தில் நிற்பவருக்கு வெறும் மூச்சு. அது அப்படியே இருக்கட்டும்.

மெட்டுக்கு, எஸ்டோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பார்ட் 1976 முதல் கையாண்டுவரும் முறையைக் கடன் வாங்கலாம். மணி என்னும் பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து அதற்கு டின்டினாபுலி என்று பெயர் வைத்தார். அவருடைய நோட்டுகளுக்குக் காப்புரிமை உண்டு, ஜெராக்ஸ் போட்டுக் கொடுக்காதீர்கள். முறையைப் பின்பற்ற யாரிடமும் அனுமதி வேண்டியதில்லை.

முறை எளிது. இரண்டு குரல். ஒன்று படிப்படியாக நடக்கும். அதை நடைக்குரல் என்று வைத்துக்கொள்வோம். சொல்லில் எத்தனை அசைகளோ அத்தனை ஸ்வரம், முடிவது ‘ச’வில். இன்னொன்று மணிக்குரல். அது ச, க, ப மூன்றை மட்டுமே தொடும்; நடைக்குரல் நிற்கும் இடத்துக்கு மேலே அடுத்து வருவது எதுவோ அது. நடபைரவி ராகத்தின் ஸ்வரங்களில் வைத்தால் இப்படி வரும்:

நட்–ட–கல்–லும்: நடை ம க ரி ச, மணி ப ப க க
பே–சு–மோ: நடை ச ரி க, மணி க க ப
நா–தன்: நடை ரி ச, மணி க க
உள்–ளி–ருக்–கை–யில்: நடை ப ம க ரி ச, மணி மேல் ச, ப ப க க

‘பேசுமோ’ கேள்வி என்பதால் அதை மட்டும் ஏற விட்டிருக்கிறது. மற்றதெல்லாம் இறக்கம்.

சுருதி ஆறு கட்டை, அதாவது மேற்கத்திய A. ஆர்மோனியத்தில் வெள்ளைக் கட்டைகளிலேயே முழுப்பாட்டும் வந்துவிடும், நோட்டு படிக்கத் தெரியாதவர்களுக்கும் விரல் வைத்துக் காட்டலாம். ஆண்கள் ஒரு ஸ்தாயி கீழே. அங்கே கீழ் ‘ச’ பலருக்குக் காற்றாகத்தான் வரும், எட்டாதவர்களை மணிக்குரலுக்கு மாற்றுங்கள். அதன் அடிநிலை ‘க’தான். 16 பேரில் நடைக்கு 10, மணிக்கு 6 என்று பிரியுங்கள். பாதிக்குப் பாதி வைத்தால் மேலே இருக்கும் மணிக்குரல் தூக்கிக்கொண்டு தெரியும், வரி காதில் விழாது. பின்னால் சுருதிப்பெட்டியில் ச–ப ஓடட்டும்.

தாளம் தேவையில்லை, எண்ணிக்கை தேவை. நிமிடத்துக்கு 60 எண்ணுங்கள். தனிக்குறிலுக்கு 1, நெடிலுக்கு 2, ஒற்றடுத்த குறிலுக்கும் 2. ‘கை’யை மட்டும் குறுக்கி 1. மொத்தம் 24. ஒவ்வொரு சொல்லுக்குப் பிறகும் 4 எண்ணிக்கை சும்மா இருங்கள்; ஆக ஒரு சுற்று 40 வினாடி.

இனிமேல்தான் வேலையே இருக்கிறது. மெதுவாகப் பாடும்போது தமிழ் சட்டென்று வேறு சொல்லாகிவிடும். ‘கல்’லில் ‘ல்’ அழுந்தாமல் போனால் ‘நட்டகலும்’ என்று கேட்கும். ‘க’வை இழுத்துவிட்டால் கல் காலாகிவிடும். ‘நட்’டில் உயிரை ஒன்றரை எண்ணிக்கை பிடித்து, கடைசி அரையில் எல்லாரும் ஒன்றாக ‘ட்’ போட வேண்டும். நாலு பேர் முன்னே, நாலு பேர் பின்னே போட்டால் தகரத்தில் மழை விழுந்த மாதிரி இருக்கும். ‘லும்’, ‘தன்’, ‘யில்’ மூன்றிலும் இதற்கு நேர்மாறு: உயிரைச் சீக்கிரம் விட்டு ம், ன், ல்லில் முனகிக்கொண்டு நிற்கலாம், அங்கேதான் குரல்கள் ஒன்றோடொன்று ஒட்டும். ‘கை’யை அ என்று திறந்து இ-யில் மூடுங்கள்; முன்கூட்டியே மூடினால் பல் கடித்த ஓசை வரும்.

அடுத்த சிக்கல் ரி. நடையில் ரி, மணியில் க. இரண்டுக்கும் நடுவே அரை ஸ்வரம்தான் இடைவெளி. கேட்க உரசும், உரச வேண்டும், இந்தப் பாட்டின் உயிரே அந்த உரசல்தான். புதிதாகப் பாடுகிறவர்கள் தப்பு செய்துவிட்டோம் என்று பயந்து ‘ச’வுக்கு இறங்கிவிடுவார்கள். ஆர்மோனியத்தில் க-வை அழுத்திக்கொண்டு நடைக்குரல்காரர்களை ரி-யில் மட்டும் பத்து வினாடி நிற்க வையுங்கள். ஒத்திகைதோறும் ஐந்து முறை செய்தால் இரண்டு வாரத்தில் கூச்சம் போய்விடும்.

சுருதி இறங்குவதற்கும் காரணம் அதே ரி. மூன்று சொற்கள் ச-வுக்கு இறங்குவதால், ரி கொஞ்சம் தாழ்ந்தாலும் ச கூடவே தாழும். சுற்று தொடங்கியதும் சுருதிப்பெட்டியை நிறுத்தி, முடிந்ததும் போட்டுப் பாருங்கள். இறங்கியிருந்தால் ‘சத்தமா பாடுங்க’ என்று விரட்டிப் பயனில்லை. ரி-யை மேலிருந்து தொடச் சொல்லுங்கள். மின்விசிறியையும் கவனியுங்கள். வேகமாக வைத்தால் சத்தம், தொண்டையும் வறளும். நிறுத்தினால் நம் ஊர் புழுக்கத்தில் அரைமணியில் எல்லாரும் துவண்டுவிடுவார்கள். சுற்றுக்கு நிறுத்தி, இடைவேளையில் போடுவதே சரி.

கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது, வேண்டாம். 16 பேர் 16 விதமாக அசைத்தால் மணிக்குரல் குழம்பிப்போகும். கானா பாடுகிறவரைச் சாதுவாக்கி வரிசையில் கரைக்கப் பார்ப்பதும் வீண் வேலை. அவரை வெளியே நிறுத்தி, மூன்றாம் சுற்றில் சுருதி மேல் ‘பேசுமோ’வை மட்டும் அவர் இழுப்பில் பாட விடுங்கள். டோ-ரே-மி என்று ஸ்வரம் சொல்லும் சோல்ஃபா படித்த கொயர்க்காரர்கள் ஸ்வரத்தை ஒரே நாளில் பிடித்துவிடுவார்கள், ஆனால் அழுத்தம் ஆங்கிலப் பாட்டு மாதிரி விழும். அவர்களைப் பாடாமல் வாசிக்க வைத்துச் சரிசெய்யுங்கள்.

வாரம் இரண்டு முறை, ஒரு மணி நேரம், எட்டு வாரம் வைத்துக்கொள்ளலாம். அரங்கேற்ற வடிவம்: முதல் சுற்று பெண்கள் நடைக்குரல் மட்டும், இரண்டாவது பெண்கள் இரு குரலிலும், மூன்றாவது எல்லாரும், நாலாவது சொல்லில்லாமல் ‘ம்’. மொத்தம் 2 நிமிடம் 40 வினாடி.

இடம் பார்க்கப் போகும்போது நிகழ்ச்சி நடக்கப்போகும் அதே நேரத்துக்குப் போங்கள். ரயில், துறைமுக லாரி, பக்கத்துத் தெரு ஸ்பீக்கர் எல்லாவற்றையும் போனில் ஐந்து நிமிடம் பதிவு செய்து கேளுங்கள். ஒருமுறை கை தட்டிப் பாருங்கள்: ஓசை இரண்டு வினாடி நீண்டு தேய்ந்தால் நல்ல இடம், இடைவெளியை 4-லிருந்து 6 ஆக்குங்கள். படபடவென்று திருப்பி அடித்தால் பக்கச் சுவரில் ஜமக்காளம் தொங்கவிடுங்கள். சிறிய மண்டபத்தில் மைக் தேவையே இல்லை. சவுண்ட் சர்வீஸ்காரர் கைமைக் நாலைக் கொடுத்து எக்கோவைத் தூக்குவார், வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். பெரிய இடமானால் வரிசைக்கு இரண்டு மீட்டர் முன்னால் ஸ்டாண்டில் இரண்டு மைக் போதும்.

குத்துவிளக்கு, இறைவணக்கம், பொன்னாடை எதுவும் இந்தப் பாட்டுக்கு முன்னால் வேண்டாம். அடியை அச்சிட்ட தாளை மட்டும் வாசலில் கொடுங்கள். கடைசி ‘ம்’ அடங்கியதும் நடத்துபவர் 8 எண்ணும்வரை கையை இறக்கக் கூடாது. இறக்கினால்தான் கைதட்டல் விழும். பாடுகிறவர்களும் அதுவரை தாளை மடிக்கக் கூடாது. அந்த எட்டு எண்ணிக்கையையும் ஒத்திகையில் ஒவ்வொரு முறையும் நின்று பழகுங்கள்; நிகழ்ச்சியன்று முதலில் கெடுவது அதுதான்.