ஏற்காட்டு மலைக்கு ஆணியில்லா மரச்சட்டம்: ஜப்பானியப் பொருத்துகளில் ஆறு கால் கொட்டகை

ஜப்பானியத் தச்சர்களின் இணைப்புகள் அவர்கள் ஊர் மரத்துக்காக வளர்ந்தவை. ஹினோகி, சுகி இரண்டும் மென்மரங்கள். சுத்தியலால் தட்டினால் அமுங்கும், ஈரம் பட்டால் மீண்டும் விரியும். அந்த அளவுகளை அப்படியே தேக்கிலோ வேங்கையிலோ வெட்டினால் கழுந்து (துளைக்குள் நுழையும் கட்டை முனை) உள்ளே போகாது, அடித்து இறக்கினால் தூண் பிளக்கும். சேர்வராயன் மலையில் கட்டுபவர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டியது இதைத்தான். இங்கே சொல்லும் அளவுகள் சுமார் 12 அடிக்கு 6 அடி (3.64 × 1.82 மீ) திறந்த கொட்டகைக்கானவை. குடியிருக்கும் வீடு என்றால் கட்டமைப்புப் பொறியாளரின் கணக்கு இல்லாமல் தொடங்காதீர்கள்.

மரம்

எஸ்டேட்டுகளில் காபிக்கு நிழலாக நிற்கும் சில்வர் ஓக் உத்திரத்துக்குப் போதும். தூணுக்கு அது வேண்டாம். கரையான் எளிதில் ஏறும். தூண்களுக்கு வைரம் பாய்ந்த தேக்கு அல்லது பலா எடுங்கள். முளைகளுக்கும் (பொருத்தைப் பூட்ட அடிக்கும் மரக்குச்சிகள்) ஆப்புகளுக்கும் கருவேலம். ஜப்பானில் இந்த இடத்துக்குக் காஷி என்ற ஓக் வகையைப் பயன்படுத்துவார்கள். முளை, சட்டத்தைவிடக் கடினமாக இருக்க வேண்டும் என்பதே அங்கேயும் இங்கேயும் கணக்கு. மலையில் மரம் வெட்டுவதற்கும் கீழே கொண்டுபோவதற்கும் வனத்துறை அனுமதி வேண்டுமா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

தேவையான கட்டைகள்: தூண் 6, ஒவ்வொன்றும் 120 × 120 மி.மீ., நீளம் 2.5 மீ. நீள உத்திரம் 120 × 150, இரு பக்கத்துக்குமாக 2.8 மீட்டரில் 2, 2.1 மீட்டரில் 2. குறுக்கு உத்திரம் 120 × 150, நீளம் 2.4 மீ, 3. தூண்களை ஊடுருவிச் செல்லும் ‘நுகி’ சட்டங்களுக்கு 24 × 105 மி.மீ. பலகை.

நீள உத்திரம் மொத்தம் 4.54 மீட்டர் வர வேண்டும். அதை ஒரே கட்டையாக ஏற்றினால் குட்டியானை வண்டியின் பின்னால் எட்டடி நீட்டிக்கொண்டு நிற்கும். சேலத்திலிருந்து ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளில் அது ஆபத்து. இரண்டு துண்டாக்கி மேலே சேர்ப்பதற்குத்தான் கீழே சொல்லும் நீட்டுப் பொருத்து.

உலர்த்தல் இரண்டு கட்டம். அறுத்த கட்டைகளைச் சேலத்தில் நிழலில், இடையில் ரீப்பர் வைத்து அடுக்குங்கள். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓர் ஆண்டு என்பது பழைய கணக்கு. தூணுக்கு அதற்கு மேலும் பொறுமை வேண்டும். மலைக்கு ஏற்றியபின் வெட்டத் தொடங்கும் முன் சில வாரமாவது அங்கேயே கிடக்க விடுங்கள். சேலத்துச் சித்திரை வெயிலில் காய்ந்த கட்டை, 1,500 மீட்டர் உயரத்து மழைக்கால ஈரத்தில் கண்ணுக்குத் தெரியும் அளவு வீங்கும். முளையையும் ஆப்பையும் மட்டும் மலைக் காற்றுக்குப் பழக்காதீர்கள். அடுப்பு மேலே வைத்து எலும்பாகக் காய விட்டு, அடிக்கும் நாளில் எடுங்கள். உள்ளே போனபின் அவை வீங்கித் துளையை நிறைக்கும்.

நடு மையம் உள்ளே இருக்கும்படி அறுத்த தூணில் வெடிப்பு நிச்சயம் வரும். எங்கே வர வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யலாம்: வெளியே தெரியாத முகத்தில் நீளவாக்கில் மையம் வரை ஒரு வாள்வெட்டு போடுங்கள். ‘செவாரி’ எனும் இந்த வெட்டு உலர உலர விரியும், மற்ற மூன்று முகமும் தப்பும். நுகித் துளை வரும் முகத்தில் மட்டும் போடாதீர்கள்.

குறியிடுதல்

தூண் மரத்தின் அடிப்பக்கம் கீழே, நுனி மேலே. உத்திரம் வளைந்திருந்தால் முதுகு மேலே. இரண்டையும் கட்டையிலேயே எழுதிவிடுங்கள். ஒவ்வொரு தூணுக்கும் வரிசை எழுத்தும் எண்ணும் கொடுங்கள்: அ1, அ2, அ3, ஆ1 என்று. குறியை எப்போதும் ஒரே திசை பார்த்து எழுதினால், நிறுத்தும்போது எந்த முகம் எங்கே என்ற சண்டை வராது.

நூலடித்து ஒவ்வொரு முகத்திலும் மையக்கோடு போடுங்கள். எல்லா அளவும் மையக்கோட்டிலிருந்தே எடுக்க வேண்டும், விளிம்பிலிருந்து எடுக்கக் கூடாது. கையால் இழைத்த கட்டை நான்கு முகமும் ஒத்திருக்காது. விளிம்பை நம்பினால் ஆறு தூணில் ஒன்றாவது முறுக்கி நிற்கும்.

நீட்டுப் பொருத்து

ஜப்பானில் ‘ஒக்ககே தைசென் த்ஸுகி’ என்ற பெயரில் உத்திரங்களை நீட்டும் வேலைக்கு இதுதான். வளைவையும் இழுப்பையும் தாங்கும். நடுத் தூணின் மையத்திலிருந்து 200 மி.மீ. தள்ளித் தொடங்குங்கள், பொருத்தின் நீளம் 300. தூணில் அமரும் 2.8 மீட்டர் துண்டு கீழ்மரம், 2.1 மீட்டர் துண்டு மேலிருந்து அதற்குள் இறங்கும் மேல்மரம். இதை மாற்றி வைத்தால் எடையெல்லாம் முளையில் விழும்.

மேல் முகத்தில் மையக்கோட்டுக்கு இருபுறமும் 7.5 மி.மீ. தள்ளி இரண்டு கோடுகள். ஒவ்வொரு துண்டிலும் மற்றதோடு சேரும் பகுதிதான் நாக்கு. அதன் நுனியிலிருந்து 150 மி.மீ. வரை கனம் 67.5, அதற்கப்பால் வேர்ப்பகுதி வரை 52.5. நடுவில் வரும் 15 மி.மீ. படிதான் கொக்கி, இரண்டு துண்டிலும் கொக்கி ஒன்றையொன்று பிடிக்கும். நாக்கின் நுனியில் 15 மி.மீ. நீளச் சிறு குருத்து, எதிர்த்துண்டின் தோளில் (நாக்கு தொடங்கும் வெட்டுமுகம்) அதற்கு மேலிருந்து கீழ்வரை ஓடும் பள்ளம். இது இல்லாமல் வெட்டினால் உத்திரம் உலரும்போது பக்கவாட்டில் திறந்துகொள்ளும்.

கொக்கியின் முகத்தைச் செங்குத்தாக வெட்டாதீர்கள். 150 மி.மீ. ஆழத்துக்கு 2 மி.மீ. சாய்வு விடுங்கள். மேல்மரம் இறங்க இறங்க இரண்டு தோளும் நெருங்கும். சாய்வு திசை தவறினால் இறங்கும்போது இறுகாமல் விலகும், அந்தக் கட்டை வீண். வெட்டும் முன் இரண்டு துண்டையும் பக்கத்தில் பக்கமாக வைத்து அம்புக்குறி போடுங்கள்.

அறுப்பதற்கு இழுக்கும் ரம்பம் நல்லது. இழுப்பில் தகடு நேராக நிற்பதால் மெல்லிய வெட்டு கிடைக்கும். நாக்கில் மைக்கோட்டின் பாதியை விட்டு அறுங்கள், இழைப்புளியால் மெதுவாகத் தொடுங்கள். மேல்மரம் தன் எடையில் மூன்றில் இரண்டு பங்கு இறங்கி நின்றால் சரி, மீதி கொட்டாப்புளி. தொடக்கத்திலேயே நின்றுவிட்டால் அடிக்காதீர்கள். கரித்தூள் தேய்த்து இறக்கிப் பாருங்கள், கறை பட்ட இடத்தை மட்டும் செதுக்குங்கள். இறங்கியபின் நாக்கின் இரு பாதியிலும் 15 மி.மீ. சதுர முளையைப் பக்கவாட்டில், ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கத்திலிருந்து அடியுங்கள்.

தூண் தலை, நுகி, கல்

தூண் தலையில் கழுந்து 30 மி.மீ. கனம், 90 அகலம், 105 நீளம். முளைத்துளை 15 மி.மீ.; உத்திரத்தில் அடிமுகத்திலிருந்து 45 மி.மீ. மேலே. கழுந்தில் மட்டும் துளையைத் தோளை நோக்கி 1.5 மி.மீ. தள்ளுங்கள், முளை நுழையும்போது தோள் இழுத்து உட்காரும். தேக்கில் இதற்கு மேல் தள்ளினால் கழுந்தின் நுனி நார்வாக்கில் பிளக்கும். சுகியில் செய்வதுபோல் கழுந்தைத் தட்டி அமுக்கி நுழைப்பதும் தேக்கில் நடக்காது. விளிம்புகளைச் சற்றே சரிவாக்கினால் போதும்.

நுகிகள் பின்பக்கமும் இரு ஓரங்களும் மட்டும், முன்பக்கம் திறப்பு. தூணில் துளை 24 × 120. மேலே மிஞ்சும் 15 மி.மீ. இடத்தில் இருபுறத்திலிருந்தும் ஆப்பு: 80 மி.மீ. நீளம், நுனி 12, அடி 18. மூலைத் தூணில் இரண்டு திசை நுகியும் ஒரே உயரத்தில் சந்தித்தால் தூண் பாதியாகிவிடும். ஒன்றை 150 மி.மீ. உயர்த்துங்கள். பின்பக்க நுகியின் இணைப்பை நடுத் தூணுக்குள் வைத்தால் ஆப்பே அதையும் பிடித்துக்கொள்ளும்.

தூண் நிற்க, தரைக்கு மேல் 300 மி.மீ. தெரியும்படி கருங்கல். கல்லின் மேடுபள்ளத்தைத் தூணின் அடியில் கோடிழுத்து, அதே வடிவுக்குச் செதுக்குங்கள். சமதளமாக வெட்டிய அடி, ஓரிரு புள்ளியில்தான் நிற்கும், இடையில் தண்ணீர் தேங்கும். கல்லில் துளையிட்டு 16 மி.மீ. துருப்பிடிக்காத எஃகுக் கம்பியைத் தூண் அடிக்குள் ஏற்றுங்கள். திறந்த கொட்டகையைக் காற்று தூக்கும். கூரைக்கு மங்களூர் ஓடு. அதன் எடை சட்டத்தைக் கல்லோடு அழுத்தி வைக்கும், தகரத்தால் அது முடியாது.

நிறுத்துதல்

பின்வரிசை மூன்று தூணும் நுகியும் தரையிலேயே கோத்து நிமிர்த்துங்கள். முன்வரிசையைத் தனித்தனியாக நிறுத்தித் தாங்கு கட்டி, ஓர நுகிகளை நுழையுங்கள். பிறகு கீழ்மரம், மேல்மரம், கடைசியில் குறுக்கு உத்திரம். குறுக்கு உத்திரத்தை நீள உத்திரத்தின் மேல் 30 மி.மீ. ஆழ வாய் வெட்டி உட்கார வையுங்கள். ஒரு உத்திரத்துண்டு 30 கிலோ அளவில் இருக்கும். இருவர் தூக்க, ஒருவர் கழுந்தைப் பார்க்க வேண்டும். தூக்குக்குண்டு சரியாகும்வரை முளையை முழுதும் அடிக்காதீர்கள், ஆப்பைத் தொடவே வேண்டாம்.

முதல் மழைக்காலம் முடிந்து வரும் மாசி, பங்குனியில் ஒவ்வொரு ஆப்பையும் சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்றால் விட்டுவிடுங்கள், மந்தமாகக் கேட்டால் உள்ளே அடியுங்கள். ஆடும் முளையைப் பிடுங்கி, 1 மி.மீ. தடிமன் கூட்டிப் புதிதாக அடியுங்கள். ஒட்டுப்பசையால் அடைத்தால் அடுத்த முறை கழற்ற முடியாது.