மந்திர ஜபம் பழகும் முறை

வடசென்னையில் திருவொற்றியூர்ப் பக்கம் கன்டெய்னர் லாரி ஓடாத நேரம் பார்த்து ஜபத்துக்கு உட்கார முடியாது. சத்தத்தோடே பழகலாம். சத்தம் கேட்டால் கேட்கட்டும், அதை விரட்டப் பார்ப்பதுதான் தலையைக் கனக்க வைக்கும்.

குரு தீட்சை தருவதே மரபு. இல்லாதவர்கள் "நமசிவாய" போன்ற பொது நாமத்தில் தொடங்கலாம். "ஹ்ரீம்" போன்ற ஓரெழுத்து பீஜ மந்திரங்களை மட்டும் சொல்லித்தர ஆள் இல்லாமல் தொடாதீர்கள். மந்திரத்தை வாரத்துக்கு ஒன்றாக மாற்றவும் வேண்டாம், எதுவும் ஊன்றாது.

பாயிலோ நாற்காலியிலோ முதுகு நிமிர்ந்து உட்காருங்கள். முதல் சில நாள் வாய்விட்டு, இது வாசிகம். பிறகு உதடு மட்டும் அசைய, உபாம்சு. உச்சரிப்பு தானாக ஓடத் தொடங்கிய பின்பே மனதுக்குள் மட்டும் சொல்வது, மானசம். நேரடியாக மானசத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் தூங்கிவிடுகிறார்கள். தூக்கம் வந்தால் வெட்கப்படாமல் மறுபடி வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஜபமாலையில் 108 மணி, கூடவே சுற்று தொடங்கி முடியும் இடத்தைக் காட்டும் தலைமணி ஒன்று, அது மேரு. நடுவிரல் மேல் மாலையை வைத்து, ஒரு தடவை சொன்னதும் கட்டைவிரலால் ஒரு மணியை உள்ளே தள்ளுங்கள். ஆட்காட்டி விரல் படக்கூடாது. மேரு வந்ததும் தாண்டாமல் மாலையைத் திருப்புங்கள். நிதானமாகச் சொன்னால் ஒரு சுற்றுக்கு ஐந்து நிமிடம் ஆகும். மூன்று நிமிடத்தில் முடிந்தால் எழுத்துகளை விழுங்குகிறீர்கள். மூச்சை இழுத்து மந்திரத்தோடு கட்டாதீர்கள், நெஞ்சு இறுகும். மூச்சு தன்போக்கில் போகட்டும்.

மனம் ஓடும், நிச்சயம் ஓடும். ஓடியது தெரிந்த கணமே அடுத்த மணிக்குத் திரும்புங்கள். பயிற்சி என்பதே அந்தத் திரும்புதல்தான். முடிந்ததும் உடனே எழாமல் இரண்டு நிமிடம் சும்மா இருங்கள்.