புரூஸ் டிக்கின்சனின் எண்பதுகள்: எந்தப் பாட்டு சிறந்தது என்று வாதாடுவது எப்படி?

கல்லூரி நாட்களில் டீக்கடை பெஞ்சில் நடந்தது இது. பிரிட்டனின் ஹெவி மெட்டல் ராக் குழுவான அயர்ன் மெய்டனின் பாடகர் புரூஸ் டிக்கின்சன் எண்பதுகளில் எழுதியதிலேயே சிறந்தது 'த ட்ரூப்பர்'தான் என்று நான் அடித்துப் பேசினேன். நண்பன் மறுத்துப் பேசவே இல்லை. பையிலிருந்து கேசட்டை எடுத்தான், உள்ளே மடித்து வைத்திருந்த அட்டையைப் பிரித்தான், எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்த எழுத்தின் மேல் விரலை வைத்தான். பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரே ஒரு பெயர்: ஹாரிஸ். அன்றைக்கு டீக்காசு என் தலையில் விழுந்தது.

அந்தத் தோல்விக்குப் பிறகு நான் பழகிக்கொண்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். ஹெவி மெட்டலே புதிது என்பவர்களும் இதைச் செய்து பார்க்கலாம். கிட்டார் தெரிய வேண்டாம். ஒரு ஹெட்போன், இரண்டு மூன்று மாலைப்பொழுது, ஒரு தாள், பேனா போதும்.

படி 1: கேட்கும் முன் பெயரைப் பாருங்கள்

பாடியவர் வேறு, எழுதியவர் வேறு. 'டி.எம்.எஸ். பாட்டு' என்று ஒருவர் சொன்னால், எழுதியது கண்ணதாசனா வாலியா என்று பக்கத்து ஆள் கேட்கிற ஊர் நம்முடையது. ஆனால் ராக் பக்கம் போனதும் அந்தப் புத்தி எங்கோ போய்விடுகிறது. மைக் பிடித்தவரே எல்லாவற்றையும் எழுதினார் என்று நினைத்துக்கொள்கிறோம்.

அயர்ன் மெய்டனை 1975-ல் லண்டனில் தொடங்கியவர் பேஸ் கிட்டார் வாசிக்கும் ஸ்டீவ் ஹாரிஸ். பாட்டெழுதுவதிலும் அவர் கைதான் ஓங்கியிருக்கும். டிக்கின்சன் 1981-ல்தான் உள்ளே வந்தார். அதனால் ரசிகர்கள் முதல் மூச்சில் சொல்கிற பெயர்களில் பல அவருடையவையே அல்ல. 'ஹாலோவ்ட் பி தை நேம்' ஹாரிஸ். 'ஏசஸ் ஹை' ஹாரிஸ். பதின்மூன்று நிமிடத்துக்கு மேல் ஓடும் 'ரைம் ஆஃப் தி ஏன்ஷியன்ட் மரைனர்' ஹாரிஸ். 'வேஸ்டட் இயர்ஸ்' கிட்டார்காரர் ஏட்ரியன் ஸ்மித்.

கேசட் அட்டையோ சிடி புத்தகமோ கையில் இருந்தால் அதைப் பாருங்கள். இல்லையென்றால் ஸ்பாட்டிஃபையில் பாட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளியைத் தொட்டால் கிரெடிட்ஸ் என்று வரும். அதில் டிக்கின்சன் பெயர் இல்லாத பாட்டை எல்லாம் அடித்துவிடுங்கள். மனசு வலிக்கும், பரவாயில்லை.

படி 2: மிஞ்சுவதை எண்ணுங்கள்

எண்பதுகளின் ஸ்டுடியோ ஆல்பங்களை மட்டும் எடுத்தால், அடித்து முடித்ததும் தாளில் 12 பாட்டுகள் நிற்கும். நான்கு, நான்கு, சைபர், நான்கு என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

1983-ன் 'பீஸ் ஆஃப் மைண்ட்' ஆல்பத்தில் 'ரெவலேஷன்ஸ்', 'ஃப்ளைட் ஆஃப் இகாரஸ்', 'டை வித் யுவர் பூட்ஸ் ஆன்', 'சன் அண்ட் ஸ்டீல்'. 1984-ன் 'பவர்ஸ்லேவ்' ஆல்பத்தில் 'டூ மினிட்ஸ் டு மிட்நைட்', 'ஃப்ளாஷ் ஆஃப் த பிளேட்', 'பேக் இன் த வில்லேஜ்', அப்புறம் 'பவர்ஸ்லேவ்' என்ற அதே பெயர்ப் பாட்டு. 1986-ன் 'சம்வேர் இன் டைம்' ஆல்பத்தில் ஒன்றுகூட இல்லை. 1988-ன் 'செவன்த் சன் ஆஃப் எ செவன்த் சன்' ஆல்பத்தில் 'மூன்சைல்டு', 'கேன் ஐ ப்ளே வித் மேட்னஸ்', 'தி ஈவில் தட் மென் டூ', 'ஒன்லி த குட் டை யங்'. பன்னிரண்டையும் சேர்த்துக் கேட்டால் ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

இங்கே ஒரு சிக்கல் வரும். 1982-ன் 'த நம்பர் ஆஃப் த பீஸ்ட்' எங்கே என்று எவராவது கேட்பார்கள். அதில் பாடியது டிக்கின்சன்தான். ஆனால் முன்பு அவர் பாடிவந்த சாம்சன் குழுவின் ஒப்பந்தம் முடியாமல் இழுத்துக்கொண்டிருந்ததால், எழுதியவர் இடத்தில் அவர் பெயரைப் போட வழியில்லை. 'ரன் டு த ஹில்ஸ்', 'சில்ட்ரன் ஆஃப் த டாம்ன்ட்', 'த பிரிசனர்' ஆகிய மூன்றிலும் தனக்குப் பங்கு உண்டு என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். எவ்வளவு பங்கு என்று அளக்க நம்மிடம் தராசு இல்லை. அதனால் நான் அவற்றைச் சேர்ப்பதில்லை. எதிராளி சேர்த்தே தீருவேன் என்றால், அட்டையில் பெயர் எங்கே என்று கேளுங்கள். என்னிடம் ஒருவன் அப்படித்தான் கேட்டான்.

படி 3: தனியாக எழுதியதைப் பிரியுங்கள்

பன்னிரண்டில் ஒன்பது கூட்டு எழுத்து. பெரும்பாலும் கூட்டாளி ஏட்ரியன் ஸ்மித். டிக்கின்சன் பெயர் மட்டும் நிற்பது மூன்றில்: 'ரெவலேஷன்ஸ்', 'ஃப்ளாஷ் ஆஃப் த பிளேட்', 'பவர்ஸ்லேவ்'. எழுத்தாளராக அவரை எடைபோட இந்த மூன்றுதான் நல்ல இடம். சொல்லும் இசையும் ஒரே தலையிலிருந்து வந்தவை. அதனால் மற்ற ஒன்பதுக்கு ஒரு தடவை கொடுத்தால், இவற்றுக்கு மூன்று தடவை கொடுங்கள்: முதல் தடவை வெறுமனே, இரண்டாம் தடவை பாடல் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு, மூன்றாம் தடவை மறுபடியும் வரிகள் இல்லாமல்.

'ஃப்ளாஷ் ஆஃப் த பிளேட்' சீக்கிரம் முடிந்துவிடும் வேலை. டிக்கின்சன் வாள்வீச்சு விளையாட்டுக்காரர், அதனால் வாள் பாட்டு. கிட்டார் தொடக்கம் அருமை, கதை சுமார். நகர்ந்துவிடலாம்.

'ரெவலேஷன்ஸ்' அப்படியல்ல. கனமான கிட்டார் அடி விழுகிறது, நிற்கிறது, அந்த இடைவெளியில் குரல் நிதானமாக ஒரு பிரார்த்தனையைச் சொல்கிறது. அந்த வரிகள் டிக்கின்சனுடையவை அல்ல. ஆங்கில எழுத்தாளர் ஜி.கே. செஸ்டர்டன் 1906-ல் எழுதி, இங்கிலாந்துத் தேவாலயங்களில் பாடப்பட்டுவரும் கீர்த்தனையின் முதல் பத்தி அது. இதில் ஒரு குறும்பு இருக்கிறது. முந்தைய ஆண்டுதான் 'த நம்பர் ஆஃப் த பீஸ்ட்' ஆல்பத்தைப் பார்த்து, சாத்தானைக் கும்பிடுகிற கூட்டம் என்று அமெரிக்காவில் சிலர் இசைத்தட்டுகளைக் கொளுத்தினார்கள். அடுத்த ஆல்பத்தின் இரண்டாவது பாட்டே தேவாலயக் கீர்த்தனையில் தொடங்குகிறது. பதிலடி என்று அவர்கள் நினைத்தார்களோ இல்லையோ, எனக்கு அப்படித்தான் கேட்கிறது.

ஆனால் செஸ்டர்டன் முடிந்த பிறகு கவனித்துக் கேளுங்கள். குறி சொல்லும் டாரட் சீட்டில் தலைகீழாகத் தொங்கும் மனிதன், பாம்பு, சூரியனின் கண் என்று குறியீடுகள் வரிசைகட்டி வருகின்றன. ஒவ்வொன்றும் தனியாக அழகு. ஆனால் ஒன்றை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தாலும் பாட்டு அப்படியே நிற்கும். அங்கேதான் நான் ஒரு மதிப்பெண்ணைக் குறைக்கிறேன். மெட்டுக்குக் குறைக்க மாட்டேன். அமைதியான பகுதிக்கும் கனமான பகுதிக்கும் நடுவில் அது மாறுகிற விதத்தைத்தான் மூன்றாம் தடவை வரிகள் இல்லாமல் கேட்கச் சொன்னேன்.

'பவர்ஸ்லேவ்' இதற்கு நேர் எதிர். ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு கேள்வி. சாகக் கிடக்கும் எகிப்திய மன்னன் பேசுகிறான்: நான் கடவுள் என்றால் நான் ஏன் சாகிறேன்? முதல் வரியிலிருந்து கடைசி வரை அவன் வாயிலிருந்துதான் வருகிறது. கிட்டாரில் எகிப்து என்றதும் காது எதிர்பார்க்கிற அந்த அரைச்சுர நெளிவு இருக்கிறது, அது எவருக்கும் தோன்றக்கூடியதுதான். நடுவில் நடப்பதுதான் விசேஷம். பாட்டு திடீரென்று வேகத்தை இழக்கிறது, கிட்டார் ஒன்று மெதுவாக அழுகிறது. மன்னன் செத்துவிட்டான் என்று நினைக்கிறோம். அப்புறம் தாளம் மறுபடி ஓடத் தொடங்குகிறது, அவன் கல்லறைக்குள்ளிருந்து மிரட்டுகிறான். கதையில் சாவு வருகிற இடமும் இசை அடங்குகிற இடமும் ஒன்றாக விழுகின்றன. இதைத்தான் நான் எழுத்து என்று சொல்வேன். மேடையில் டிக்கின்சன் இறகு வைத்த முகமூடி மாட்டிக்கொண்டு இதைப் பாடுவார். முகமூடி இல்லாமலும் பாட்டு நிற்கும்.

படி 4: ஒரே பாட்டை இரண்டு வேகத்தில் கேளுங்கள்

இது சின்னப் பயிற்சி, ஆனால் கூட்டு எழுத்து என்றால் என்ன என்று புரியவைக்கும். 'ஃப்ளைட் ஆஃப் இகாரஸ்' பாட்டை முதலில் 1983 ஆல்பத்தில் கேளுங்கள். பிறகு 1985-ல் வந்த 'லைவ் ஆஃப்டர் டெத்' என்ற மேடைப்பதிவில் கேளுங்கள். மேடையில் வேகம் கூடியிருப்பது காலைத் தட்டிக்கொண்டு கேட்டாலே தெரியும். காரணம், இதை ஸ்மித்தோடு சேர்ந்து எழுதிய டிக்கின்சன் நிதானமாக ஓட வேண்டும் என்றார்; ஹாரிஸ் இன்னும் விரட்ட வேண்டும் என்றார். ஸ்டுடியோவில் ஒருவர் ஜெயித்தார், மேடையில் இன்னொருவர். 1986-க்குப் பிறகு குழு இதைத் தொடவே இல்லை. 2018-ல்தான் மேடைக்குத் திரும்பியது.

என் கட்சி மெதுவான இகாரஸ். பழைய கிரேக்கக் கதையில் மகன் இகாரஸ், அப்பன் பேச்சைக் கேட்காமல், அவன் செய்துகொடுத்த சிறகோடு சூரியனுக்குப் பக்கத்தில் பறந்து விழுகிறான். டிக்கின்சன் அதைத் திருப்பிப் போட்டார்: எரிந்து விழும்போது, அப்பன் தன்னை ஏமாற்றிவிட்டான் என்று மகனுக்குத் தெரிகிறது. நான்கு நிமிடத்துக்குள் ஒரு புராணத்தின் பழியை இடம் மாற்றுவது சின்ன விஷயம் இல்லை. வேகமாகப் பாடினால் அந்த வரி காதில் நிற்பதற்குள் ஓடிவிடுகிறது.

படி 5: சைபரையும் கணக்கில் எடுங்கள்

1986-ல் ஏன் ஒன்றும் இல்லை? 1984 ஆகஸ்டில் வார்சாவில் தொடங்கிய சுற்றுப்பயணம் 1985 ஜூலையில் அமெரிக்காவில்தான் முடிந்தது. பதினொரு மாதம், ஏறக்குறைய 190 மேடைகள். எல்லோரும் நொந்துபோயிருந்தார்கள். அடுத்த ஆல்பத்துக்கு டிக்கின்சன் கொண்டுவந்தது மின்சாரம் இல்லாத கிட்டாருக்கான மென்மையான பாட்டுகள். குழு வேண்டாம் என்றுவிட்டது. அந்த ஆல்பம் முழுக்க அவர் அடுத்தவர் எழுதியதைப் பாடிவிட்டுப் போனார்.

வாதத்தில் இதை இரண்டு பக்கமும் பயன்படுத்துகிறார்கள். பத்தாண்டின் நடுவில் சரக்கு தீர்ந்த ஆள் என்று ஒருவர் சொல்வார். குழு அவரைப் புரிந்துகொள்ளவில்லை என்று இன்னொருவர். நான் இரண்டாவது பக்கம் கொஞ்சம் சாய்வேன். 1988-ன் 'மூன்சைல்டு' தொடங்குவதே மின்சாரம் இல்லாத கிட்டாரும் தனிக்குரலுமாகத்தான்.

படி 6: தரவரிசையை நம்பி ஏமாறாதீர்கள்

'கேன் ஐ ப்ளே வித் மேட்னஸ்' பிரிட்டன் பட்டியலில் 3-ஆம் இடம் வரை போனது. பன்னிரண்டில் அதுதான் சிறந்ததா? காதில் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். விற்பனையைவிட மேடையில் எது தங்குகிறது என்று பார்ப்பது எனக்குப் பிடித்த அளவுகோல். 2008 பிப்ரவரி 1 அன்று எண்பதுகளின் பாட்டுகளுக்காகவே ஒரு உலகச் சுற்றுப்பயணத்தை மும்பையில் தொடங்கினார்கள். குழுவை ஏற்றிவந்த போயிங் 757-ஐ ஓட்டியதே டிக்கின்சன்தான். அங்கே மேடையில் பாடிய பாட்டுகளில் நம் பன்னிரண்டில் ஐந்து இருந்தன: 'டூ மினிட்ஸ்', 'ரெவலேஷன்ஸ்', 'மேட்னஸ்', 'பவர்ஸ்லேவ்', 'மூன்சைல்டு'. 'மேட்னஸ்' அதிலும் இருக்கிறதே என்று நீங்கள் கேட்டால், சரி, அந்தப் புள்ளி உங்களுக்கு.

எல்லைத் தகராறு ஒன்று பாக்கி. 'பிரிங் யுவர் டாட்டர் டு த ஸ்லாட்டர்' பாட்டை டிக்கின்சன் 1989-ல் ஒரு பேய்ப்படத்துக்காக எழுதினார். அயர்ன் மெய்டன் அதை மறுபடி பதிவுசெய்து, பிரிட்டனில் முதலிடம் பிடித்தது 1991 ஜனவரியில். எழுதிய ஆண்டா, ஜெயித்த ஆண்டா? எழுதிய ஆண்டுதான் என்பது என் விதி. சேர்த்தாலும் அது என் முதல் பத்துக்குள் வராது.

படி 7: மூன்றை மட்டும் எழுதுங்கள்

பன்னிரண்டையும் வரிசைப்படுத்த வேண்டாம், நடு வரிசையில் மாட்டிக்கொள்வீர்கள். முதல் மூன்று போதும். பக்கத்தில் ஒரு வரி காரணம் எழுதுங்கள். 'செம பாட்டு' காரணம் ஆகாது. நிமிடமும் நொடியும் சொல்ல முடிந்தால் இன்னும் நல்லது. என்னுடையது: 'பவர்ஸ்லேவ்', 'ஃப்ளைட் ஆஃப் இகாரஸ்', 'ரெவலேஷன்ஸ்'.

டீக்கடை நண்பன் இதை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அவனுக்கு முதலிடம் 'டூ மினிட்ஸ் டு மிட்நைட்'. உலகம் அழிவுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று காட்ட அணு விஞ்ஞானிகள் வைத்த அடையாளக் கடிகாரத்தை வைத்துப் போர் வியாபாரத்தைத் திட்டுகிற பாட்டு. நள்ளிரவு என்றால் அழிவு. அமெரிக்காவைத் தொடர்ந்து சோவியத்தும் ஹைட்ரஜன் குண்டு சோதித்த 1953-ல் அந்த முள் நள்ளிரவுக்கு இரண்டு நிமிடம் முன்னால் நின்றது, பாட்டு வந்த 1984-ல் மூன்று நிமிடம். வலுவான தேர்வுதான். ஆனால் ஏன் அது என்று கேட்டால், அவன் ஒரு வரியைக்கூடச் சொல்வதில்லை. கண்ணை மூடிக்கொண்டு தொடக்கக் கிட்டார் துண்டை வாயாலேயே வாசிக்கிறான். அது ஏட்ரியன் ஸ்மித்துக்குப் போகிற ஓட்டுடா என்றேன் போன வாரம். இந்தத் தடவை டீக்காசு அவன் கொடுத்தான்.