ரூட்டரில் டிஎன்எஸ் மாற்றியாச்சு, போன் ஏன் கேட்க மாட்டேன் என்கிறது?

ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியில், விளம்பரங்களைத் தடுக்கும் டிஎன்எஸ் சர்வரான பை-ஹோலைப் போட்டு, ரூட்டரின் டிஹெச்சிபி பக்கத்தில் (வீட்டுச் சாதனங்களுக்கு நெட்வொர்க் விவரங்களைக் கொடுக்கும் இடம்) அதன் முகவரியைக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். லேப்டாப்பில் விளம்பரம் நின்றுவிட்டது. அம்மாவின் ஆண்ட்ராய்டு போனில் மட்டும் எல்லாம் பழையபடி வந்துகொண்டிருந்தது. யார் என்ன கேட்டார்கள் என்று பை-ஹோல் எழுதிவைக்கும் குவெரி லாக்கைத் திறந்தால் லேப்டாப்பின் பெயர் வரிவரியாக ஓடுகிறது, போனின் பெயரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இதே இடத்தில் நிற்பவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

முதலில் அடிப்படை. ஒரு தளத்தின் பெயரைத் தட்டினால், அந்தப் பெயருக்கு உரிய ஐபி எண் என்ன என்று போன் ஒரு டிஎன்எஸ் சர்வரிடம் கேட்கும். நீங்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது அந்த சர்வருக்குத் தெரியும், எதற்குப் பதில் சொல்லக்கூடாது என்று அதனால் முடிவு செய்யவும் முடியும். அதனால்தான் எந்த சர்வரிடம் கேட்பது என்பதை நம் வீட்டில் நாமே முடிவு செய்ய வேண்டும் என்கிறேன்.

படி 1: போன் எங்கே கேட்கிறது என்று கண்டுபிடியுங்கள்

க்ரோமில் மூன்று புள்ளி, செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதில் 'யூஸ் செக்யூர் டிஎன்எஸ்' என்று இருக்கும், அதை இப்போதைக்கு அணைத்து வையுங்கள். பிரவுசரே தனியாக ஒரு சர்வரிடம் போய்க் கேட்கக்கூடும் என்பதால் முதலில் இதை ஒதுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் தப்பு யாருடையது என்றே தெரியாது.

அப்புறம் பை-ஹோலின் டொமைன்ஸ் பக்கத்தில் எக்ஸாம்பிள்.காம் என்ற பெயரைத் தடைப் பட்டியலில் சேருங்கள். விளக்கங்களில் பயன்படுத்துவதற்கென்றே ஒதுக்கிவைத்த பெயர் அது, தடுத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. போனில் ஏரோபிளேன் மோடை ஒருமுறை போட்டு எடுத்து, மொபைல் டேட்டாவை அணைத்து, வைஃபையில் மட்டும் இருந்துகொண்டு, இன்காக்னிட்டோ டேபில் அந்தத் தளத்தைத் திறங்கள். பக்கம் திறக்கவில்லை என்றால் போன் உங்கள் பேச்சைக் கேட்கிறது. 'எக்ஸாம்பிள் டொமைன்' என்ற தலைப்போடு பக்கம் வந்து நின்றால் போன் வேறு எங்கோ போய்க் கேட்டுவிட்டது என்று அர்த்தம்.

படி 2: பிரைவேட் டிஎன்எஸ்

செட்டிங்ஸில் 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்' உள்ளே 'பிரைவேட் டிஎன்எஸ்' இருக்கும். சாம்சங்கில் 'கனெக்ஷன்ஸ்', அதில் 'மோர் கனெக்ஷன் செட்டிங்ஸ்'. கிடைக்காவிட்டால் செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் தட்டிவிடுங்கள். 2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9-இலிருந்து இது இருக்கிறது. ஆஃப், ஆட்டோமேட்டிக், ஒரு சர்வரின் பெயரை நாமே தருவது என்று மூன்று தேர்வுகள்.

மூன்றாவதில் டிஎன்எஸ்.கூகுள் (கூகுளின் டிஎன்எஸ் சர்வர்) மாதிரி ஏதாவது பெயர் இருந்தால் விஷயம் முடிந்தது, போன் உங்கள் ரூட்டர் சொன்னதைப் பார்க்கவே பார்க்காது. யாரோ ஒரு காலத்தில் போட்டு மறந்திருப்பார்கள், எடுத்துவிடுங்கள்.

ஆட்டோமேட்டிக் என்பதுதான் பலரைக் குழப்புவது. அது நேராக கூகுளிடம் போய்விடும் என்று நிறைய பேர் சொல்கிறார்கள், அப்படி இல்லை. ரூட்டர் கொடுத்த முகவரிகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் எதற்கு மறைகுறியாக்கிய டிஎன்எஸ் (வழியில் யாரும் படிக்க முடியாத கேள்வி பதில்) தெரியும் என்று 853-ஆம் போர்ட்டில் தட்டிப் பார்க்கும், போர்ட் என்பது சர்வரின் கதவு எண் மாதிரி. ஒன்றுக்கும் தெரியாவிட்டால் வழக்கமான 53-ஆம் போர்ட்டில் கேட்கும். சிக்கல் எங்கே வருகிறது என்றால், ரூட்டரில் முதல் கட்டத்தில் பை-ஹோலின் 192.168.1.10, இரண்டாவது கட்டத்தில் 'பத்திரத்துக்கு இருக்கட்டும்' என்று கூகுளின் 8.8.8.8. நானும் அப்படித்தான் போட்டிருந்தேன். 8.8.8.8-க்கு மறைகுறியாக்கம் தெரியும், சாதாரணமாக நிறுவிய பை-ஹோலுக்குத் தெரியாது, ஆகவே போன் வரிசையை மதிக்காமல் 8.8.8.8 பக்கம் போய்விடும். சில போன்களில் பிரைவேட் டிஎன்எஸ் என்ற வரிக்குக் கீழே 'ஆட்டோமேட்டிக்' என்பதற்குப் பதிலாக 'ஆன்' என்று தெரியும், அப்படித் தெரிந்தால் போன் அந்த மாதிரி ஒரு சர்வரைக் கண்டுபிடித்துவிட்டது.

இதற்கு எல்லோரும் சொல்லும் வைத்தியம் பிரைவேட் டிஎன்எஸ்ஸை ஆஃப் செய்வது. நான் அதைச் சொல்ல மாட்டேன். ரயில் நிலைய வைஃபையில் உட்காரும்போது, அங்கே கிடைக்கும் சர்வருக்கு மறைகுறியாக்கம் தெரிந்தால், உங்கள் கேள்விகளைப் பக்கத்தில் இருப்பவர்கள் படிக்காமல் காப்பது அதுதான். ரூட்டரின் இரண்டாவது கட்டத்தைக் காலி செய்யுங்கள், காலியாக விட ரூட்டர் சம்மதிக்காவிட்டால் பை-ஹோல் முகவரியையே அங்கேயும் போடுங்கள். போன் ஆட்டோமேட்டிக்கிலேயே இருக்கட்டும். மறைகுறியாக்கம் நல்லதுதான், எனக்கு அதில் சண்டை இல்லை. என் வீட்டில் நான் எழுதிவைத்த வரிசையை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மாற்றுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

படி 3: ஐபிவி6

இன்னமும் பக்கம் திறக்கிறதா? வைஃபை பெயருக்குப் பக்கத்தில் உள்ள சக்கரத்தைத் தொட்டு, விவரங்களில் டிஎன்எஸ் என்ற வரியைப் பாருங்கள். நடுநடுவே முக்காற்புள்ளி (:) போட்ட நீண்ட முகவரி ஒன்று இருந்தால் அதுதான் ஓட்டை. அது ஐபிவி6 என்ற புதிய வகை ஐபி முகவரி, 192.168.1.10 மாதிரி இருப்பது பழைய ஐபிவி4. ஐபிவி6-இல் டிஎன்எஸ் முகவரிக்காக ஆண்ட்ராய்டு டிஹெச்சிபியை நம்புவதில்லை, ரூட்டர் அவ்வப்போது நெட்வொர்க்குக்குள் அறிவிக்கும் முகவரியை எடுத்துக்கொள்ளும். நீங்கள் ஐபிவி4 பக்கத்தில் என்ன மாற்றினாலும் இந்த அறிவிப்பு தன் பாட்டுக்கு ஓடும். ரூட்டரின் ஐபிவி6 லேன் (வீட்டுக்குள் இருக்கும் நெட்வொர்க்) பகுதியில் பை-ஹோலின் ஐபிவி6 முகவரியைக் கொடுங்கள். அந்த வசதியே இல்லாத ரூட்டர் என்றால் லேனில் ஐபிவி6-ஐ அணைப்பதைத் தவிர வழி எனக்குத் தெரியவில்லை.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: ஐகிளவுட் பிளஸ் சந்தா இருந்து பிரைவேட் ரிலே ஓடினால் சஃபாரியின் கேள்விகள் ஆப்பிளின் வழியாகப் போகும். ஆனால் அதற்கென்று உள்ள பெயரை நெட்வொர்க் தடுத்தால் போன் அதை மதித்து, இந்த நெட்வொர்க்கில் ரிலே கிடையாது என்று பயனரிடம் சொல்லும். பை-ஹோல் அந்தப் பெயரைத் தானாகவே தடுத்துவிடுகிறது. சொல்லிவிட்டுச் செய்வது என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

டிவியில் செருகும் குரோம்காஸ்ட் மாதிரி சில சாதனங்கள் ரூட்டர் சொல்வதைக் கேட்காமல் 8.8.8.8-இடமே கேட்கும். அவற்றுக்கு ரூட்டரின் ஃபயர்வாலில் (எது வெளியே போகலாம் என்று தீர்மானிக்கும் பகுதி), பை-ஹோலைத் தவிர வேறு யாரும் 53, 853 போர்ட்டுகளில் வெளியே போகக்கூடாது என்று ஒரு விதி போடலாம். சாதாரண வெப் போக்குவரத்தோடு 443-இல் கலந்து போகும் கேள்விகளை இந்த விதி பிடிக்காது.

ஒவ்வொரு படிக்குப் பிறகும் ஏரோபிளேன் மோடைப் போட்டு எடுத்து மறுபடி சோதியுங்கள். பக்கம் திறக்காமல் நின்றதும் எக்ஸாம்பிள்.காமை மறக்காமல் தடைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.