பல் முளைக்கும் குட்டி: வாயிலிருந்து பிடுங்காதீர்கள்

நாய்க்குட்டி வீட்டுக்கு வந்த புதிதில் எல்லோரும் அதன் படத்தை அனுப்புவார்கள். கொஞ்ச நாள் கழித்து அதே ஆட்கள் சோபாவின் நுனியைப் படமெடுத்து அனுப்பி, "சார், இது நார்மலா?" என்று கேட்பார்கள். நார்மல்தான். குட்டிக்கு மொத்தம் 28 பால்பற்கள். மூன்றரை மாதத்தில் முன்பற்கள் விழ ஆரம்பிக்கும், அப்புறம் கோரைப்பற்களும் கடைவாய்ப் பற்களும். ஆறு, ஏழு மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்களும் வந்துவிடும். விழுந்த பல் உங்கள் கண்ணில் படாமலே போகலாம். பெரும்பாலான குட்டிகள் அதைச் சோற்றோடு விழுங்கிவிடும், அதனால் ஒன்றும் ஆகாது. பொம்மையில் ஒரு பொட்டு ரத்தம், கொஞ்சம் அதிகமான எச்சில், வாயில் லேசான வாடை, இதெல்லாம் இந்த வயதில் உள்ளதுதான். ஈறு நமநமவென்று இருக்கும்போது எதையாவது கடித்தால் அதற்குச் சுகம். கடிப்பதை உங்களால் நிறுத்த முடியாது. எதைக் கடிக்கிறது என்பதைத்தான் மாற்ற முடியும்.

செருப்பை உயரத்தில் வையுங்கள், ரிமோட்டை எடுத்து வையுங்கள் என்று நான் எழுதப்போவதில்லை. ஒரு ஜோடி போனால் நீங்களே கற்றுக்கொள்வீர்கள். மின்சார வயரை மட்டும் அப்படிப் பட்டுத் தெரிந்துகொள்ள முடியாது, அதை இன்றைக்கே ஒதுக்கிவிடுங்கள். நான் நாய் பழக்கப் போகிற வீடுகளில் திரும்பத் திரும்பப் பார்க்கிற, ஒரு காலத்தில் நானும் கூசாமல் செய்த தவறுகள்தான் கீழே இருப்பவை.

துரத்திப் பிடித்துப் பிடுங்குவது

கோயம்புத்தூரில் ஓர் அடுக்குமாடி வீடு. நாலு மாத லாப்ரடார் குட்டி. பையன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கழற்றிப் போட்ட சாக்ஸ் ஒன்றை அது கவ்விவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. "டேய், விடு! விடுடா!" என்று அப்பா சோபாவிலிருந்து எழுந்தார். அம்மா சமையலறை வாசலை மறித்தார். பாட்டி குடையைத் தேடினார். அப்படி ஒரு விளையாட்டு அந்தக் குட்டிக்கு அதுவரை கிடைத்ததே இல்லை. டீப்பாயைச் சுற்றிச் சுற்றி ஓடி, கடைசியில் கட்டிலுக்கு அடியில் போய் மாட்டியது. அப்பா தரையில் படுத்து, கையை உள்ளே விட்டு, தாடையின் இரண்டு பக்கமும் அழுத்தி வாயைத் திறந்து, எச்சில் சொட்டச் சொட்டச் சாக்ஸை உருவினார். அதை மூக்குக்கு நேரே ஆட்டிக் காட்டி, மூக்கில் ஒரு தட்டு. "இனிமே எடுப்பியா?"

எடுக்கும். ஏனென்றால் சாக்ஸை வாயில் வைத்தால் வீடே விளையாட வரும் என்று அதற்கு இப்போது தெரியும். அதைவிட மோசமான பாடம் ஒன்றும் சேர்ந்தே போகிறது: மனிதக் கை வாய்க்குப் பக்கத்தில் வந்தால் கையில் கிடைத்தது பறிபோகும். இந்தப் பாடத்தைப் படித்த குட்டிக்கு அடுத்த முறை இரண்டு வழிதான் இருக்கிறது.

ஒன்று, கை வருவதற்குள் விழுங்கிவிடுவது. லாப்ரடாருக்கு இதில் யோசனையே கிடையாது. துணி குடலில் போய் அடைத்துக்கொண்டால் வாந்தி, சோற்றைத் தொடாமை, மலம் வராமை, அப்புறம் வயிற்றைத் திறந்து அறுவை சிகிச்சை. ஒரு வீட்டில் அதற்கு ஆன செலவில் அந்தப் பள்ளிக்கூடத்துக்கே சாக்ஸ் வாங்கிக் கொடுத்திருக்கலாம். துரத்தாமல் விட்டிருந்தால் அது பத்து நிமிஷம் மென்றுவிட்டு, நனைந்த சாக்ஸை அப்படியே போட்டுவிட்டுப் போக நிறைய வாய்ப்பிருந்தது.

இரண்டாவது வழி, உறுமுவது. எனக்கு வருகிற அழைப்புகளில் பெரும்பாலானவை இந்தக் கட்டத்தில்தான் வருகின்றன. அதற்குள் குட்டிக்கு ஒன்பது, பத்து மாதம் ஆகியிருக்கும். "தட்டுக்கிட்ட போனாலே உறுமுறான் சார். இவன் குணமே இப்படி. ரத்தத்துலயே இருக்கு போல." இதைக் கேட்கும்போதுதான் எனக்கு எரிச்சல் மண்டும். ரத்தத்தில் ஒன்றும் இல்லை. ஆறு மாதமாகத் தினமும் வாயிலிருந்து பிடுங்கிப் பிடுங்கி, காவல் காக்கக் கற்றுக்கொடுத்தது நீங்கள்தான். உறுமியதற்காக அடித்தால் நிலைமை இன்னும் கெடும். உறுமல் என்பது "கிட்டே வராதே" என்று அது கொடுக்கிற எச்சரிக்கை. அதை அடித்து அடக்கினால் பயம் போகாது, எச்சரிக்கை மட்டும்தான் போகும். பிறகு ஒருநாள் சத்தமே இல்லாமல் கடிக்கும். எல்லோரும் "திடீர்னு கடிச்சிடுச்சு" என்பார்கள்.

செய்ய வேண்டியது பழைய பண்டமாற்றுதான். உப்பு, மசாலா போடாமல் வேகவைத்த கோழியை விரல் நகம் அளவுக்குப் பிய்த்து ஒரு டப்பாவில் வையுங்கள். குட்டி எதையாவது கவ்வினால் அதை நோக்கிப் போகாதீர்கள். வேறு பக்கம் நடந்துபோய் டப்பாவைத் திறங்கள். மூடி திறக்கிற சத்தத்துக்குத் தானாக வரும். ஒரு துண்டை மூக்குக்கு மிகப் பக்கத்தில், கொஞ்சம் தாழ்வாகப் பிடியுங்கள். மூக்குத் துவாரம் விரியும், தாடை லேசாகத் தளரும். அந்த நொடியில் "கொடு" என்று ஒரே ஒரு தடவை, சாதாரணக் குரலில் சொல்லுங்கள். பொருள் கீழே விழுந்ததும் உடனே பாய்ந்து எடுக்காதீர்கள். அங்கேதான் முக்கால்வாசிப் பேர் கெடுக்கிறார்கள். மூன்று நாலு துண்டை இரண்டடி தள்ளித் தரையில் இறைத்துவிட்டு, அது பொறுக்கித் தின்னும்போது நிதானமாகக் குனிந்து எடுங்கள்.

கீழே விழுந்தது அதன் சொந்தப் பொம்மை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். யாருமே இதைச் செய்வதில்லை, ஆனால் விஷயமே இதில்தான் இருக்கிறது. கொடுத்தால் கோழி கிடைக்கிறது, கொடுத்ததும் திரும்பி வருகிறது என்று தெரிந்த குட்டிக்குக் கையைப் பார்த்து ஒளிய வேண்டிய அவசியமே இல்லை. தினமும் சும்மா இருக்கும்போது பொம்மையை வைத்தே இதைச் செய்து பழக்குங்கள். சாக்ஸைக் கவ்விய அன்றைக்குத்தான் முதல் பாடம் என்றால் வேலைக்கு ஆகாது.

"லஞ்சம் கொடுத்துப் பழக்கச் சொல்றீங்களே?" என்று கேட்பவர்கள் உண்டு. சரி, லஞ்சம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சில வாரங்களில் டப்பா இல்லாமலே "கொடு" என்றால் வாயைத் திறக்கும். அப்போதும் எப்போதாவது ஒரு துண்டு கொடுங்கள், குறைந்துபோகமாட்டீர்கள்.

மாத்திரை அட்டை, ஊசி, பிளேடு என்றால் இந்தக் கதையெல்லாம் வேண்டாம். உடனே வாயைத் திறந்து எடுங்கள். நாள்தோறும் பண்டமாற்று செய்து பழகிய குட்டி அந்த ஒரு தடவையைப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் வாயிலோ பின்பக்கமோ நூல் தொங்குவதைப் பார்த்தால் இழுக்காதீர்கள். அதன் மறுமுனை குடலுக்குள் இருக்கலாம், இழுத்தால் குடலை அறுத்துவிடும். அப்படியே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

வந்து பார்த்துத் திட்டுவது

ஆபீஸிலிருந்து வருகிறீர்கள், மெத்தையிலிருந்து பஞ்சு பறக்கிறது, குட்டி காதை மடக்கிக்கொண்டு மூலையில் நிற்கிறது. "தப்பு பண்ணினது அதுக்கே தெரியுது பாருங்க." தெரியாது. அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2009-ல் இதையே சோதித்து வெளியிட்டார். தின்னக் கூடாது என்று சொன்னதைத் தின்ற நாயும் சரி, தின்னாத நாயும் சரி, திட்டு விழுந்தால் ஒரே மாதிரிதான் முழித்தன. அந்த முகம் உங்கள் முகத்துக்கு வருகிற பதில். மெத்தைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

"பல் முளைக்குது, அதான்"

குழந்தைக்குப் பேதி ஆனாலும் காய்ச்சல் வந்தாலும் பல்மேல் பழி போடுகிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதையே நாய்க்குட்டிக்கும் கொண்டுபோகிறார்கள். பல் மாறுகிற இதே வயதில்தான் குடலைத் தாக்குகிற பார்வோ வைரஸும் குட்டிகளை அடிக்கிறது. ஈறு வலியால் குட்டி கெட்டியான தீனியை ஒருவேளை ஒதுக்கலாம், ஊறவைத்துக் கொடுத்தால் தின்னும். வாந்தி, நாற்றமடிக்கிற பேதி, அதில் ரத்தம், கூப்பிட்டால் எழாத சோர்வு, இதெல்லாம் பல்லால் வராது. பார்வோ வந்த குட்டி இரண்டு நாளில் போய்விடக்கூடும். "நாளைக்குப் பார்க்கலாம்" என்று இருக்காதீர்கள், அன்றைக்கே டிரிப்ஸ் ஏற்ற வேண்டியிருக்கலாம். தடுப்பூசி அட்டையில் 16 வார ஊசிவரை முடிந்திருக்கிறதா என்று இப்போதே எடுத்துப் பாருங்கள்.

பாரசிட்டமால், குழந்தைக்குத் தடவும் ஈறு ஜெல், கிராம்பு எண்ணெய்

மூன்றும் வேண்டாம்.

சோபா காலில் மிளகாய்த்தூள்

செய்தவரை ஒரு நாள் அந்தச் சோபாவில் முகத்தைத் தேய்க்கச் சொல்ல வேண்டும்.

பழைய செருப்பைக் கொடுத்துப் பழக்குவது

பழையது எது, புதியது எது என்று அதற்கு யார் சொல்வது?

எலும்பு

பிரியாணித் தட்டில் மிச்சமான எலும்பு நாய்க்கு என்பது நம் ஊரில் எழுதாத சட்டம். வேகவைத்த கோழி எலும்பு ஈட்டிபோலச் சீவலாக உடையும். தொண்டையையும் குடலையும் குத்தும். மாட்டுக் குளம்பு, எருமைக் கொம்பு மாதிரியானவை வேறு வகை ஆபத்து: உடைவது அவையல்ல, பல். நான் சொல்லும் சோதனை எளிது. கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் தடம் விழ வேண்டும். விழாத எதுவும் குட்டியின் வாய்க்கு ஆகாது. ஐஸ்கட்டியும் இந்தச் சோதனையில் தோற்றுவிடும். கடைகளில் விற்கிற தோல் எலும்பு ஊறியதும் வழவழவென்று ஆகி, பெரிய துண்டாக விழுங்கப்பட்டுத் தொண்டையில் நிற்கும். இளநீர் மட்டையைப் பிய்த்துத் துப்புகிற குட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கொடுக்கலாம். நாரை விழுங்குகிற குட்டிக்குக் கொடுக்கக் கூடாது.

அப்போ என்னதான் கொடுப்பது? நடுவில் ஓட்டை உள்ள கெட்டி ரப்பர் பொம்மை ஒன்று வாங்குங்கள். உப்பும் தாளிப்பும் இல்லாத குழைந்த தயிர்சாதத்தை அதில் திணித்து, ராத்திரி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். காலையில் கொடுத்தால் அரை மணி நேரம் நக்கிக்கொண்டும் மென்றுகொண்டும் இருக்கும், குளிர்ச்சியில் ஈறும் அடங்கும். தயிர் ஒத்துக்கொள்ளாத குட்டிக்குக் கேழ்வரகுக் கூழ் போதும். ஒரு பழைய துண்டை நனைத்து, முறுக்கி, உறையவைத்தும் கொடுக்கலாம். அது இளகி நூல் பிரிய ஆரம்பித்ததும் வாங்கிவிடுங்கள், "கொடு" சொல்லித்தான். பொம்மைகள் எல்லாவற்றையும் தரையில் கொட்டி வைக்காதீர்கள். இரண்டு வெளியே, மீதி அலமாரியில். சில நாளுக்கு ஒருமுறை மாற்றினால் பழையதே புதிதாகிவிடும்.

பல் நன்றாக வர கால்சியம் சிரப்

கடைக்காரர் கையில் திணிப்பார், நாமும் வாங்கிவிடுவோம். நல்ல குட்டித் தீனி தின்கிற குட்டிக்கு இது தேவையே இல்லை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியின் உடம்புக்கு அதிகமான கால்சியத்தை வேண்டாமென்று ஒதுக்கத் தெரியாது, கொடுத்ததையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். கிரேட் டேன், ராட்வைலர், லாப்ரடார் போன்ற பெரிய இனங்களில் இதனால் எலும்பும் மூட்டும் கோணலாக வளரும். வெறும் சோறு, பால் மட்டும் சாப்பிடுகிற குட்டி என்றால் அதற்கு வேறு கணக்கு. அதையும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

ஓடவிட்டால் அடங்கும் என்பது

சாயங்காலம் ஏழு மணிக்குப் பேய் பிடித்ததுபோல் குட்டி காலையும் பாவாடையையும் கடித்துத் தொங்குகிறதா? "எனர்ஜி ஜாஸ்தி" என்று மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய் இன்னும் ஓடவிடுகிறார்கள். அது தூக்கம் கெட்ட குட்டி. இந்த வயதில் ஒரு நாளைக்கு 18 மணி நேரம்வரை தூங்க வேண்டும். பிள்ளைகள், விருந்தாளிகள், டிவி சத்தம் நடுவில் எங்கே தூங்குவது? மெல்லுவதற்கு ஏதாவது கொடுத்து, தடுப்புக்குள்ளோ அமைதியான அறையிலோ விடுங்கள். கொஞ்ச நேரம் முனகிவிட்டு அப்படியே சாய்ந்துவிடும்.

"குட்டிதானே, கீறல்தானே"

பால்பல் ஊசி மாதிரி, விளையாட்டிலேயே தோலைக் கிழித்துவிடும். ரேபிஸ் தடுப்பூசி பெரும்பாலும் 12 வாரத்தில்தான் போடுவார்கள். அதுவரை, எங்கிருந்து வந்தது என்றே தெரியாத குட்டியின் கடியை மஞ்சள் வைத்து மூடிவிட்டு இருக்காதீர்கள். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள், அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் ஊசி இலவசம். குட்டிக்கும் ரேபிஸ் வரும்.

ஏழு மாதத்தில் வாயைப் பார்க்காமல் விடுவது

கடிப்பது குறைந்ததும் எல்லோரும் பல்லை மறந்துவிடுகிறார்கள். உதட்டை மெதுவாகத் தூக்கிக் கோரைப்பற்களைப் பாருங்கள். புதுப்பல் வந்த பிறகும் பால்பல் விழாமல் பக்கத்திலேயே ஊசியாக நின்றால், இரண்டுக்கும் நடுவில் சோறு சிக்கி ஈறு கெடும். புதுப்பல்லும் தடம் மாறி எதிர் ஈறைக் குத்தும். பொமரேனியன், ஷீட்சூ போன்ற சின்ன இனங்களில் இது சகஜம். நீங்களாக ஆட்டிப் பிடுங்கப் பார்க்காதீர்கள், வேர் உள்ளேயே முறிந்துவிடும். மருத்துவர் மயக்க மருந்து கொடுத்து எடுப்பார். கருத்தடை அறுவை சிகிச்சை அந்தச் சமயத்தில் செய்வதாக இருந்தால் ஒரே மயக்கத்தில் இரண்டையும் முடித்துவிடச் சொல்லிக் கேளுங்கள்.