ஓடுகிற வண்டியில் பேட்டரி வயரைத் தூக்காதீர்கள்

பழைய மாருதியோ இண்டிகாவோ வாங்கி, ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறந்துவைத்துத் தாமே நோண்டிப் பார்க்கிறவர்கள் கோயமுத்தூர், திருப்பூர்ப் பக்கம் இப்போது நிறையப் பேர். பட்டறைக்கு வேலை பழக வருகிற பையன்களும் இருக்கிறார்கள். நாங்கள் பழகிய காலத்தில் செய்த அதே தப்புகளை இந்த இரண்டு கூட்டமும் வரி மாறாமல் செய்கிறது. ஃபியூஸ் பார்ப்பது, பிளஸ் மைனஸ் மாற்றி மாட்டாமல் இருப்பது பற்றியெல்லாம் நான் எழுதப் போவதில்லை. ஒரு தடவை புகை வந்தால் அது தானாக மண்டையில் ஏறிவிடும். புகை காட்டாமல் காசைத் தின்கிற தப்புகள்தான் விஷயம்.

எரியாத விளக்கைக் கவனிக்காமல் விடுவது

எரிகிற விளக்கைப் பற்றித்தான் எல்லாருக்கும் கவலை. சாவியை ஆன் செய்து, ஸ்டார்ட் பண்ணாமல் மீட்டர் போர்டைப் பாருங்கள். சார்ஜ் லைட்டும் ஆயில் லைட்டும் எரிய வேண்டும், என்ஜின் எடுத்ததும் அணைய வேண்டும். சார்ஜ் லைட் சாவியிலேயே எரியவில்லை என்றால் பல்ப் போயிருக்கலாம், வயர் அறுந்திருக்கலாம். பழைய வண்டிகள் பலவற்றில் இந்தப் பல்ப் வழியாகப் போகிற கரண்ட்தான் ஆல்டர்னேட்டரை (என்ஜின் சுற்றும்போது கரண்ட் தயாரித்து பேட்டரியைச் சார்ஜ் செய்கிற சாமான்) முதலில் தூண்டிவிடுகிறது. பல்ப் போனால் ஐடிலிங்கில் சார்ஜ் ஏறாது. ஆக்சிலரேட்டரை ஒரு மிதி மிதித்த பிறகு பிடித்துக்கொள்ளும். இதற்குப் போய் ஆல்டர்னேட்டரைப் பிரித்தவர்கள் உண்டு. கைமாறி வந்த வண்டி என்றால் இன்னொரு சந்தேகமும் வேண்டும்: எரிகிற விளக்கு தெரியக்கூடாதென்று விற்றவரே பல்பைக் கழட்டியிருப்பார்.

ஓடுகிற வண்டியில் பேட்டரி டெர்மினலைக் கழட்டிப் பார்ப்பது

இதை எங்கே பார்த்தாலும் எனக்கு எரிச்சல் வந்துவிடுகிறது. சார்ஜ் லைட் எரிகிறதா, வண்டியை ஸ்டார்ட் பண்ணு, மைனஸ் டெர்மினலைத் தூக்கு. ஓடினால் ஆல்டர்னேட்டர் நல்லது, நின்றுபோனால் கெட்டது. ஆல்டர்னேட்டருக்கு முன்னால் இருந்த டைனமோ வைத்த அம்பாசடர் காலத்து வைத்தியம் இது. அந்த வண்டியில் கெட்டுப்போவதற்கு எலக்ட்ரானிக்ஸ் என்று ஒன்றும் கிடையாது.

ஒரு மழைக்காலத்தில் காங்கேயம் பக்கமிருந்து ஒரு மாருதி ஜென்னைக் கட்டி இழுத்து வந்தார்கள். எம்.பி.எஃப்.ஐ. வண்டி, அதாவது கம்ப்யூட்டர் கணக்குப் பார்த்துப் பெட்ரோல் தெளிக்கிற வண்டி. கூட ஒரு பையனும் அவன் பெரியப்பாவும்.

"சார்ஜ் லைட்டு லேசா மின்னிட்டு இருந்துச்சுங்ணா. பேட்டரியக் கழட்டிப் பார்த்தோம். ஹெட்லைட்டு பளீர்னு வந்துட்டு அணைஞ்சுபோச்சு. அதுக்கப்பறம் வண்டி எடுக்கவே இல்லீங்க."

"எங்க காலத்துல இப்படித்தானுங்க பார்ப்போம்" என்றார் பெரியவர்.

"அது டைனமோங்கய்யா, இதுல கம்ப்யூட்டர் இருக்குதுங்க" என்றேன். வேறு என்ன சொல்வது? ஹெட்லைட் பல்ப் இரண்டும் போயிருந்தன, ஆல்டர்னேட்டர் வோல்டேஜைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேட்டர் போயிருந்தது, இ.சி.எம். என்கிற அந்தக் கம்ப்யூட்டர் செத்திருந்தது. அதே நம்பர் இ.சி.எம். உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் தேடித் தேடிக் கிடைத்தது. இவ்வளவுக்கும் முதலில் இருந்த கோளாறு, தளர்ந்துபோன ஆல்டர்னேட்டர் பெல்ட். மழையில் நனைந்து வழுக்கியிருக்கிறது. ஒரு ஸ்பேனர் வேலை.

நடப்பது இதுதான். ஆல்டர்னேட்டர் தள்ளுகிற கரண்டில் ஏற்ற இறக்கம் வந்தால் அதை விழுங்கிக்கொள்வது பேட்டரி. அதைச் சட்டென்று எடுத்துவிட்டால், ரெகுலேட்டர் சுதாரித்து ஃபீல்ட் கரண்டைக் குறைத்தாலும் ஆல்டர்னேட்டருக்குள் சுற்றுகிற ரோட்டரில் இருக்கிற காந்தம் உடனே அடங்காது. தோட்டத்து மோட்டார் ஓடும்போது வால்வைப் பட்டென்று மூடினால் பைப் அதிருமே, அந்த மாதிரி. அரை நொடிக்கும் குறைவான நேரம்தான், ஆனால் 12 வோல்ட் வண்டியில் வோல்டேஜ் 80-ஐத் தாண்டிப் போகலாம். பேட்டரி இறங்கிக் கிடந்தால் இன்னும் மோசம். அப்போதுதான் ஆல்டர்னேட்டர் முழு மூச்சில் தள்ளிக்கொண்டிருக்கும்.

இத்தனை ஆபத்துக்கும் கிடைக்கிற பதிலாவது சரியா என்றால் அதுவும் இல்லை. உள்ளே ஏ.சி. கரண்டை டி.சி. ஆக்குகிற டயோடுகளில் ஒன்று போன ஆல்டர்னேட்டர்கூட ஐடிலிங்கில் என்ஜினை ஓட்டிவிடும். நல்ல ஆல்டர்னேட்டர் பேட்டரி இல்லாமல் தடுமாறி வண்டியை நிறுத்திவிடும்.

ஒரு மல்டிமீட்டர் போதும். வண்டி சில மணி நேரம் சும்மா நின்றபின் பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி. ஸ்டார்ட் செய்து லேசாக ரேஸ் கொடுத்தால் 13.8-இலிருந்து 14.5-க்குள் வர வேண்டும். பிறகு ஹெட்லைட், புளோயர் இரண்டையும் போட்டுப் பாருங்கள்; ரேஸ் கொடுத்தும் 13-க்குக் கீழே வந்தால் கோளாறு இருக்கிறது. ஆனால் அது ஆல்டர்னேட்டரில்தான் என்று இன்னும் முடிவு கட்டாதீர்கள். லைட் எரியும்போதே மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரில் கரண்ட் வெளியே வருகிற பி பிளஸ் போல்ட்டிலும் மறு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும் வையுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நடுவில் வயரோ அதன் முனையில் இருக்கிற லக்கோ வோல்டேஜைத் தின்கிறது. அதேபோல ஆல்டர்னேட்டர் பாடிக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவில் 0.2-க்கு மேல் வந்தால் கோளாறு எர்த் பட்டையில், அதாவது என்ஜினையும் பாடியையும் பேட்டரி மைனஸோடு சேர்க்கிற பட்டையில். நம் பக்கத்தில் நான் பார்க்கிற சார்ஜ் கோளாறுகளில் எர்த் பட்டை அடிக்கடி வரும். களிம்பும் துருவும் பிடித்து, உள்ளே நாலு இழைதான் மிச்சம் இருக்கும். வயர் அறுந்திருக்கிறதா என்று பார்க்கிற மீட்டரின் பீப் சத்தம் வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரே ஒரு இழை இருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும், லோடு வந்தால்தான் அதன் யோக்கியதை தெரியும். கடைசியாக மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, வண்டி ஓடும்போது பேட்டரியில் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோடைச் சந்தேகப்படலாம்.

இவ்வளவையும் பார்க்கக் கால் மணி நேரம் ஆகாது. இதில் எங்கேயும் எதையும் கழட்டவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆயில் லைட் வயரைப் பிடுங்கிவிட்டு சுவிட்சைக் குறை சொல்வது

ஓடும்போது ஆயில் லைட் வந்தால் என்ஜினை நிறுத்துங்கள். வீடு பக்கம்தான், பல்லடம் தாண்டிப் பார்த்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் வேண்டாம். என்ஜினில் ஆயில் பிரஷரைப் பார்த்து லைட்டைப் போடுகிற சுவிட்சின் வயரைப் பிடுங்கியதும் லைட் அணைந்தால் வயர் எங்கேயும் பாடியில் தொடவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். சுவிட்ச் கெட்டிருந்தாலும் அணையும், நிஜமாகவே பிரஷர் இல்லாவிட்டாலும் அணையும். டிப்ஸ்டிக்கில் ஆயில் பார்த்துவிட்டு, சுவிட்ச் இடத்தில் பிரஷர் கேஜ் மாட்டி அளந்த பிறகு பேசலாம்.

செக் என்ஜின் லைட்டை அணைக்க பேட்டரியைக் கழட்டுவது

லைட்டோடு, என்ன கோளாறு என்று கம்ப்யூட்டர் பதிந்துவைத்த கோட் நம்பரும் அழிந்துவிடும். முதலில் அதைப் படியுங்கள்.

சார்ஜ் லைட்டும் பிரேக் லைட்டும் சேர்ந்து எரிந்தால் பிரேக்கைப் பிரிப்பது

பிரேக் ஆயில் லெவல் சரியாக இருந்தால், அடுத்து ஆல்டர்னேட்டரைப் பாருங்கள். சில வண்டிகளில் இரண்டு விளக்குக்கும் வயரிங்கில் சம்பந்தம் உண்டு.

பேட்டரிக்கு போர் தண்ணி

ஊற்றாதீர்கள். வாய்க்கே உப்புக் கரிக்கிற தண்ணி அது.

எலி கடித்த இடத்தில் டேப் சுற்றுவது

பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு வீட்டில் நிற்கிற வண்டிகளில் மீட்டர் போர்டே தீபாவளி கொண்டாடினால் முதல் சந்தேகம் எலி. ஒரு கடி கண்ணில் பட்டதும் டேப் சுற்றி மூடிவிடுகிறார்கள். எலி ஒரு இடத்தோடு நிறுத்தாது. வயர்கள் சேர்கிற கப்ளர் பின்புறம், பேட்டரி டிரே அடி என்று வயர்க் கொத்து முழுக்கக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். கடிபட்ட இடத்தைச் சால்டர் வைத்து சூடு காட்டினால் சுருங்கிப் பிடித்துக்கொள்கிற ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். தேடுகிற அவசரத்தில் பல்ப் வைத்த டெஸ்ட் லாம்பை சென்சார் வயரிலோ இ.சி.எம். வயரிலோ குத்தாதீர்கள். அந்தப் பல்ப் இழுக்கிற கரண்ட்டை உள்ளே இருக்கிற சர்க்யூட் தாங்காது. அங்கெல்லாம் மல்டிமீட்டர் மட்டும்தான்.