டயோடு டிடெக்டர்: ஏஎம் அலையிலிருந்து ஒலியைச் சிதையாமல் பிரித்தெடுப்பது எப்படி?

ஏஎம் அலையை, அதாவது ஒலிக்கேற்ப உயரம் ஏறி இறங்கும் ரேடியோ அலையை, உருவாக்குவது சுலபம். அதிலிருந்து ஒலியைப் பிரித்தெடுக்கும்போதுதான் சிதைவு வரும், அதுவும் பெரும்பாலும் என்வலப் (அலையின் உச்சிகளைத் தொட்டுச் செல்லும் கோடு) இறங்கி ஏறும் பள்ளத்தில்தான் வரும். அதனால் ஆசிலோஸ்கோப்பில் உச்சத்தைவிடப் பள்ளத்தைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும்.

சூப்பர்ஹெட் (எந்த நிலையத்தையும் ஒரே நிலையான அதிர்வெண்ணுக்கு மாற்றிக்கொள்ளும்) ரேடியோக்களில் டிடெக்டருக்கு வரும் 455 கிலோஹெர்ட்ஸையே கேரியராக, அதாவது ஒலியைச் சுமக்கும் அலையாக, வைத்துக்கொள்வோம். ஃபங்ஷன் ஜெனரேட்டர் வெளியீட்டை 1என்34ஏ ஜெர்மேனியம் டயோடின் ஆனோடுக்குக் கொடுங்கள். கேத்தோடிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் 2.2 நானோஃபாரட் கெப்பாசிட்டரையும் இணையாகப் போடுங்கள். அதே கேத்தோடிலிருந்து 22 கிலோ ஓம் தொடராக வந்து, அதன் மறுமுனையில் 470 பிகோஃபாரட் கிரவுண்டுக்குப் போகட்டும். மிஞ்சியிருக்கும் கேரியர் சிற்றலையை அழுத்துவது இந்த இரண்டும்தான். அங்கிருந்து 0.1 மைக்ரோஃபாரட் வழியாக, உள்ளீட்டு மின்தடை 100 கிலோ ஓம் உள்ள ஆம்ப்ளிஃபயருக்குக் கொண்டுபோங்கள்.

கேரியரின் உச்சத்தை 2 வோல்ட்டில் வையுங்கள். 1 கிலோஹெர்ட்ஸ் ஒலியை இன்னொரு ஜெனரேட்டரிலிருந்து மாடுலேஷன் உள்ளீட்டுக்குக் கொடுங்கள். ஸ்கோப்பை அந்த ஒலி சிக்னலிலேயே ட்ரிக்கர் செய்யுங்கள். ஏஎம் அலையில் ட்ரிக்கர் செய்தால் படம் நிற்காமல் ஓடும். அலையின் மொத்த உயரம் அகன்ற இடத்தில் 6 வோல்ட், குறுகிய இடத்தில் 2 வோல்ட் என்றால், வித்தியாசம் 4, கூட்டல் 8, மாடுலேஷன் ஆழம் 4 ÷ 8 = 0.5, அதாவது 50 சதவீதம்.

இனி ஆர்சி, அதாவது கேத்தோடில் உள்ள ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் மதிப்புகளின் பெருக்கல். ‘கேரியர் அலைநேரத்தைவிடப் பெரிது, ஒலி அலைநேரத்தைவிடச் சிறிது’ என்று மாணவர்கள் ரெக்கார்டு நோட்டில் எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். அது போதாது, ஏனென்றால் அதில் மாடுலேஷன் ஆழத்துக்கு இடமே இல்லை. ஆழம் கூடக் கூட என்வலப் செங்குத்தாக இறங்கும். கெப்பாசிட்டரும் அதே வேகத்தில் மின்னூட்டத்தை இழந்தாக வேண்டும். ஆழத்தை ‘ம’, ஒலி அதிர்வெண்ணை ‘அ’ என்று கொண்டால் வரம்பு இதுதான்:

ஆர்சி ≤ √(1 − ம²) ÷ (6.28 × அ × ம)

நம் நாட்டு மீடியம் வேவ் நிலையங்களுக்கு இடையே 9 கிலோஹெர்ட்ஸ்தான் இடைவெளி. அதனால் 5 கிலோஹெர்ட்ஸ் வரை ஒலி, 70 சதவீத ஆழம் என்று கணக்கிட்டால் வரம்பு சுமார் 32 மைக்ரோசெகண்ட். நம் 10 கிலோ ஓமும் 2.2 நானோஃபாரடும் தருவது 22. பின்னால் உள்ள 470 பிகோஃபாரடையும் சேர்த்தால் 27 அளவில் வரும். 455 கிலோஹெர்ட்ஸின் அலைநேரம் 2.2 மைக்ரோசெகண்ட் என்பதால் ஆர்சி அதைப்போல் 10 மடங்கு. முதல் கெப்பாசிட்டரில் சிற்றலை ஏறக்குறைய 10 சதவீதத்தில் நிற்கும்.

இதைக் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. 222 என்று அச்சிட்ட கெப்பாசிட்டருக்குப் பதில் 223, அதாவது 22 நானோஃபாரட் போடுங்கள். கடையிலும் டப்பாவிலும் இவை இரண்டும் அடிக்கடி மாறிப்போகும். 1 கிலோஹெர்ட்ஸ், 50 சதவீதத்தில் அலை சுத்தமாகத்தான் வரும். ஆழத்தை 80க்கு ஏற்றினால், இறங்கும் பக்கம் வளைவை விட்டுவிட்டுச் சாய்கோடாக ஓடிப் பள்ளத்தை வெட்டும். 220 மைக்ரோசெகண்ட் முதலாவதுக்குப் போதும் (வரம்பு 276), இரண்டாவதுக்குப் போதாது (வரம்பு 119).

பள்ளம் கெட இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று டயோடு. 1என்4148 போன்ற சிலிக்கான் டயோடுக்கு 0.6 வோல்ட் வேண்டும். 2 வோல்ட் கேரியரில் 80 சதவீத ஆழம் வைத்தால் பள்ளத்தின் உச்சம் 0.4 வோல்ட்தான், அந்த இடத்தில் டயோடு திறக்கவே திறக்காது. 1என்4007 இங்கே வேண்டவே வேண்டாம், 455 கிலோஹெர்ட்ஸில் அதனால் வேகமாக மூட முடியாது. மற்றொன்று அடுத்த கட்டத்தின் சுமை. கப்ளிங் கெப்பாசிட்டருக்கு அப்பால் 10 கிலோ ஓம்தான் இருந்து, நடுவே 22 கிலோ ஓமும் இல்லாவிட்டால், ஒலிக்கான சுமை 5 கிலோ ஓமாகக் குறையும். டிசிக்கோ அது 10தான். இந்த விகிதம் 0.5, அதற்கு மேற்பட்ட ஆழத்தில் அடி தட்டையாகும்.

மூன்றையும் பிரித்தறிய ஒலி அதிர்வெண்ணைக் கூட்டிப் பாருங்கள். சிதைவும் கூடினால் ஆர்சி. மாறாவிட்டால் கேரியரை இரட்டிப்பாக்குங்கள். குறைந்தால் டயோடு, அப்படியே இருந்தால் சுமை.

ஒலி வரவே இல்லையா? ஏஎம் அலை கெப்பாசிட்டர் வழியாக டயோடுக்கு வருகிறதா என்று பாருங்கள். டிசி திரும்பிப் போக வழியில்லாததால் அந்தக் கெப்பாசிட்டர் மின்னேறி டயோடை அடைத்துவிடும். ஆனோடிலிருந்து கிரவுண்டுக்கு 1 மில்லிஹென்றி சோக் (கம்பிச் சுருள்) போட்டால் வழி கிடைக்கும். ஐஎஃப்டியின் (ரேடியோவில் 455 கிலோஹெர்ட்ஸுக்கான டிரான்ஸ்ஃபார்மர்) செகண்டரியிலிருந்து எடுத்தால் அந்தச் சுருளே போதும், சோக் வேண்டாம்.